வரிசையில் நிற்கிற பிள்ளை

(31 வருடம் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை பதில் சொல்கிறார்.)

கேள்வி: டீச்சர், எங்கள் குடியிருப்பில் எட்டு முதல் பதினொரு வயது வரை 16 பிள்ளைகள். ஒரு சிமென்ட் கோர்ட், ஒரே ரிங், ஐந்து பந்து. கல்லூரியில் ஆடியவன் என்பதால் சனி, ஞாயிறு காலையில் நான் பயிற்சி கொடுக்கிறேன். யூடியூபில் டிரில் கொட்டிக் கிடக்கிறது. எதை எடுப்பது, எதை விடுவது? மூன்றாவது வாரமே பாதிப் பேர் வரவில்லை.
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: தம்பி, லே-அப்புக்கு (ஓடி வந்து ரிங்குக்குப் பக்கத்தில் எழும்பிப் பந்தைப் போடுவது) வரிசை கட்டி நிறுத்தினீர்களா? ஒரு பிள்ளை ஓடி வந்து போட எட்டு விநாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். 16 பேரும் போட்டு முடித்து அதே பிள்ளைக்கு மறுபடி முறை வர இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். கால் மணி நேரத்தில் ஏழு தடவை பந்தைத் தொடுவான். மீதி நேரமெல்லாம் முன்னால் நிற்பவன் சட்டையை இழுத்துக்கொண்டிருப்பான். நானும் முதல் இரண்டு வருஷம் இப்படித்தான் நடத்தினேன். அந்தப் பிள்ளைகளை நினைத்தால் இன்றைக்கும் மனசு கேட்பதில்லை.

அதனால் எந்த டிரில்லைப் பார்த்தாலும், இதில் எத்தனை பேர் சும்மா நிற்பார்கள் என்று முதலில் எண்ணுங்கள். அப்புறம், இது ஆட்டத்தில் வருமா என்று பாருங்கள். கூம்பு வைத்து வளைந்து வளைந்து டிரிபிள் செய்வது, அதாவது பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே ஓடுவது, பார்க்க அழகாக இருக்கும். ஆனால் கூம்பு பந்தைப் பறிக்காது. பறிக்க வருகிற ஒரு கை எதிரே இருந்தால்தான் பிள்ளை தலையை நிமிர்த்திப் பார்க்கும்.

என் கையில் தவறாமல் பலித்தது கல்லா மண்ணா. நடு வட்டம் கல், மற்றதெல்லாம் மண். எல்லோரும் டிரிபிள் செய்துகொண்டே ஓட வேண்டும், பிடிக்க வருகிறவனும்தான். பந்து போதாது என்று கவலைப்படாதீர்கள். இதற்குப் பழைய வாலிபால், ஃபுட்பால் எல்லாம் போதும், துள்ளினால் சரி. ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள்: மாட்டியவனை அவுட் என்று உட்கார வைக்கக் கூடாது. முதலில் மாட்டுகிறவன் ஆட்டம் வராத பிள்ளை. அவனுக்குத்தான் பந்து அதிகம் கையில் இருக்க வேண்டும். ஓரமாகப் போய் இடது கையால் பத்துத் தட்டு தட்டிவிட்டு உள்ளே வரட்டும்.

பாஸுக்கு மூன்று மூன்று பேராகப் பிரியுங்கள். இரண்டு பேர் பாஸ் கொடுக்க, நடுவில் ஒருவன் தடுக்க வேண்டும். டிரிபிள் கிடையாது. ஒரு காலை ஊன்றி மறு காலால் திரும்பினால்தான் வழி கிடைக்கும். இப்படித் திரும்புகிற பிவோட்டும், பந்தைத் தரையில் ஒரு தட்டுத் தட்டி அனுப்புகிற பவுன்ஸ் பாஸும் நீங்கள் சொல்லாமலே வந்துவிடும். கடைசி இருபது நிமிடம் ரிங்கில் மூன்றுக்கு மூன்று ஆட்டம். மற்ற பத்துப் பேரும் ஓரத்தில் பாஸ் ஆட்டத்தைத் தொடரட்டும். மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை ஆளை மாற்றுங்கள்.

ரிங் விஷயத்துக்கு வருகிறேன். ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி என்னிடம் வந்தாள். பத்தடி ரிங், பெரியவர்கள் ஆடும் 7-ஆம் நம்பர் பந்து. இரண்டு கையாலும் பந்தை இடுப்புக்குக் கீழே கொண்டுபோய், முதுகை வளைத்து, முகத்தை வானத்துக்குத் திருப்பி எறிவாள். ஷூட்டிங் டிரில் கொடுக்கக் கொடுக்க அந்தத் தப்பு இன்னும் கெட்டியாகத்தான் ஆனது. 1891-இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில், இந்த ஆட்டத்தை உருவாக்கிய நைஸ்மித் பழக்கூடைகளை ஆணியடித்த மாடிக் கைப்பிடி பத்தடியில் இருந்தது, அதுவே ரிங்கின் உயரம் ஆனது. ஆடியவர்களும் வளர்ந்த ஆட்கள். சின்னப் பிள்ளைகளுக்கான மினி பாஸ்கெட்பாலில் ரிங் 2.60 மீட்டர்தான், பந்து 5-ஆம் நம்பர். அது ஏறக்குறைய 480 கிராம் இருக்கும், பெரிய பந்து 600 கிராம். சின்னப் பிள்ளைகள் ஓட்டும் சைக்கிளின் பழைய ரிம்மை வெல்டிங் கடையில் கொடுத்துக் கம்பியில் பற்றவைத்து, அந்த உயரத்தில் சுவரில் அடித்தேன். இரண்டே வாரத்தில் அவள் முழங்கை ரிங்கைப் பார்க்க ஆரம்பித்தது. உங்கள் சுவரிலும் ஒன்று அடியுங்கள் தம்பி, இரண்டாவது ரிங்கும் ஆயிற்று.

கேள்வி: என் மகளுக்குப் பத்து வயது. தினமும் 200 ஷாட் போடச் சொல்கிறார் அவளுடைய கோச். தோள் வலிக்கிறது என்கிறாள்.
– ஒரு தாய், நாகர்கோவில்

பதில்: வலி இருக்கும் வரை ஒரு ஷாட்கூட வேண்டாம், அம்மா. நான்கைந்து நாள் ஓய்வுக்குப் பிறகும் வலித்தால் டாக்டரிடம் காட்டுங்கள். கோச்சிடம் நேரில் போய்ப் பேசுங்கள், தயங்காதீர்கள். வலி போனதும் ரிங்குக்கு நேர் கீழே நின்று வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று, பந்தைத் தரையில் விடாமல் மாற்றி மாற்றிப் போடட்டும். அமெரிக்க ஆட்டக்காரர் ஜார்ஜ் மைக்கன் பெயரால் வழங்கும் பயிற்சி அது. ஒரு நிமிடம், நடுவில் தண்ணீர், மறுபடி ஒரு நிமிடம். பந்து எத்தனை நம்பர் என்று அதன் மேலேயே போட்டிருக்கும், அதையும் பாருங்கள். 7 என்றிருந்தால் நாளைக்கே மாற்றுங்கள்.