வெள்ளப்பகுதியில் வீடு கட்ட விலக்கு: கேளுங்கள், சொல்கிறேன்

அமெரிக்காவில் ஹூஸ்டனை ஒட்டிய ஒரு சின்ன நகராட்சியில் வெள்ளப்பகுதிக் கட்டட அனுமதிகளைப் பார்க்கும் வேலையில் பதினொரு வருடம் இருந்தேன். "விலக்கு வாங்கித் தர முடியுமா?" என்று கேட்கும் நம்மவர்கள் கூடிக்கொண்டே போவதால், வந்த கேள்விகளுக்கெல்லாம் ஒரே இடத்தில் பதில். அடைப்புக்குறிக்குள் இருப்பது கேட்டவரின் ஊர், பெரும்பாலும் ஹூஸ்டன் சுற்றுவட்டாரம். நான் சொல்வது ஃபீமாவின் (அமெரிக்க மத்திய அரசின் பேரிடர் நிர்வாக அமைப்பு) குறைந்தபட்ச விதி. உங்கள் ஊர் விதி அதைவிடக் கடுமையாக இருக்கலாம்.

கேள்வி (ஷுகர் லேண்ட்): விலக்குக்கு ஃபீமாவிடம் மனு போட வேண்டுமா?

பதில்: இல்லை. ஃபீமா தராது, உங்கள் ஊர்தான் தர வேண்டும். 1968 சட்டப்படி மத்திய அரசு வெள்ளக் காப்பீடு தருகிறது. பதிலுக்கு, சேர்ந்த ஊர்கள் கட்டட விதிகளை அமல்படுத்த வேண்டும். அதில் முக்கியமானது: வீட்டின் கீழ்த்தளம் 'அடிப்படை வெள்ள' மட்டத்துக்குக் கீழே இருக்கக் கூடாது. எந்த ஒரு வருடத்திலும் 1 சதவீத வாய்ப்புள்ள வெள்ளம் அது. 1 சதவீதம்தானே என்று நினைக்காதீர்கள். 30 வருட வீட்டுக் கடனுக்குள் ஒரு முறையாவது வர 26 சதவீத வாய்ப்பு. ஹூஸ்டன் நகரம் ஹார்வி புயலுக்குப் பிறகு, 2018 செப்டம்பர் முதல், 500 வருட வெள்ள (வருடத்துக்கு 0.2 சதவீத வாய்ப்புள்ள வெள்ளம்) மட்டத்துக்கும் 2 அடி மேலே தளம் வேண்டும் என்கிறது.

விலக்கு என்பது ஒரு மனைக்கு மட்டும் விதியைத் தளர்த்துவது. தகுந்த காரணம் இருக்க வேண்டும். தராவிட்டால் அசாதாரணமான கஷ்டம் வரும் என்று காட்ட வேண்டும். அடுத்தவருக்கு வெள்ளமோ ஊருக்குப் பெரும் செலவோ பொதுமக்களுக்கு ஆபத்தோ வரக் கூடாது. தளர்த்துவதும் எவ்வளவு குறைவாக முடியுமோ அவ்வளவுதான். ஒன்று குறைந்தாலும் கிடையாது. ஆற்று வெள்ளம் ஓடுவதற்கென்று ஒதுக்கிய தடத்துக்குள் மனை இருந்து, உங்கள் கட்டடத்தால் நீர்மட்டம் கொஞ்சம் ஏறினாலும், பேச்சே இல்லை.

பதினொரு வருடத்தில் எங்கள் ஊர் கொடுத்த விலக்குகளில் எனக்குப் பிடித்தது ஒன்றுதான். வரலாற்றுச் சின்னப் பட்டியலில் இருந்த ஒரு பழைய மர வீடு. தூக்கி உயர்த்தினால் பட்டியலிலிருந்து போய்விடும். அதனால் உயர்த்தாமலே பழுதுபார்க்க விட்டோம். ஆனால் ஏசி யூனிட்டையும் மின்பலகையையும் மேலே ஏற்றச் சொன்னோம். 'குறைந்தபட்சத் தளர்வு' என்றால் இதுதான்.

கேள்வி (பியர்லேண்ட்): தளத்தை உயர்த்த 40,000 டாலர் கூடுதல் என்கிறார் கான்ட்ராக்டர். இது கஷ்டம் இல்லையா?

பதில்: உங்களுக்குக் கஷ்டம்தான். விதி கேட்பது நிலத்தின் கஷ்டம். செலவு அதிகம், அழகு கெடும், பக்கத்து வீட்டுக்காரருக்குப் பிடிக்காது, இதெல்லாம் கணக்கில் வராது. அரை ஏக்கரோ அதற்குக் குறைவோ உள்ள மனை, சுற்றிலும் ஏற்கனவே வெள்ள மட்டத்துக்குக் கீழே கட்டிய வீடுகள் என்றால் கொஞ்சம் இடம் உண்டு. இன்னொன்று: ஊர் தன் பங்குக்குக் கூடுதலாகக் கேட்கும் 2 அடியில் ஒரு அடி குறைக்கக் கேட்பது வேறு, அடிப்படை வெள்ள மட்டத்துக்கே கீழே போகக் கேட்பது வேறு. முதலாவதைக் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி (கேட்டி): ஊரிலிருந்து அப்பா அம்மா எங்களோடு வந்து இருக்கப் போகிறார்கள். அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டது. அவர்களுக்காகப் பின்பக்கம் தரையோடு ஒரு சின்ன வீடு கட்ட விலக்கு கிடைக்குமா?

பதில்: மனசுக்குக் கஷ்டமான கேள்வி, பதில் 'இல்லை'. விலக்கு ஆளுக்கு அல்ல, நிலத்துக்கு. உங்கள் அம்மா பத்து வருடம் அங்கே இருப்பார். அந்த வீடு ஐம்பது வருடம் தாழ்ந்தே நிற்கும். அதனால் உடல் இயலாமையை மட்டும் காரணமாக ஏற்பதில்லை. இன்னொன்றையும் யோசியுங்கள்: ராத்திரி இரண்டு மணிக்குத் தண்ணீர் உள்ளே வந்தால், அந்த வீட்டில் ஓட முடியாதவர் யார்?

வழி இருக்கிறது. சாய்தளம் என்றால் ஓர் அடி உயரத்துக்கு 12 அடி நீளம். 4 அடி உயர்த்தினால் 48 அடி, நடுவில் திருப்பி விடலாம். சின்ன லிஃப்டும் போடலாம். தண்ணீர் வந்தால் லிஃப்ட் கீழே இறங்காமல் தடுக்கும் மிதவை சுவிட்ச் கண்டிப்பாக வேண்டும். இந்தச் சுவிட்சை மறக்காதீர்கள், விற்பவர்கள் தாமாகச் சொல்வதில்லை.

கேள்வி (சைப்ரஸ்): மேலே உள்ளதைப் படித்துவிட்டுக் கேட்கிறேன். என் நிலம், என் பணம், என் ஆபத்து. அரசாங்கத்துக்கு என்ன வந்தது?

பதில்: இதைக் கேட்காத கூட்டமே இல்லை. உங்கள் பணமா? இந்தக் காப்பீட்டுத் திட்டத்தின் கடனில் 1,600 கோடி டாலரை 2017ல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் தள்ளுபடி செய்தது. அது எல்லாருடைய வரிப்பணம். உங்கள் ஆபத்தா? மீட்புப் படகில் வருபவன் உங்கள் வீட்டுக்கும்தான் வர வேண்டும். அப்புறம், நீங்கள் விற்றுவிட்டுப் போவீர்கள். ஹார்விக்குப் பிறகு நான் பார்க்கப் போன ஒரு வீட்டில் தண்ணீர் நின்ற கோடு ஸ்விட்ச் போர்டுக்கு ஒரு கை மேலே இருந்தது. வாங்கி ஏழு மாதம். முந்தைய உரிமையாளர் விலக்கு வாங்கிக் கட்டியது என்பதே அந்தக் குடும்பத்துக்குத் தெரியாது. கோப்பில் கடிதம் இருந்தது, அவர்கள் கையில் இல்லை.

கேள்வி (சைப்ரஸ், மறுபடியும்): ஹூஸ்டனின் வெள்ளத்தடுப்புக்கென்று கட்டிய அடிக்ஸ், பார்க்கர் நீர்த்தேக்கங்களுக்குள்ளேயே வீடு கட்ட அனுமதித்தது யார்? அப்போது எங்கே போனது இந்தப் பொதுநலம்?

பதில்: இதில் நீங்கள் சொல்வது சரி, மழுப்ப மாட்டேன். 1940களில் கட்டிய அந்தத் தேக்கங்கள் நிரம்பினால் தண்ணீர் எங்கே வரை வரும் என்று கட்டியவர்களுக்குத் தெரியும். அரசு வாங்காமல் விட்ட அந்த நிலத்தில் மனை பிரித்து விற்றார்கள், அனுமதியும் கிடைத்தது. ஹார்வியில் மேல்பக்கத்து வீடுகள் மூழ்கின. 2019 டிசம்பரில் மத்திய அரசே பொறுப்பு என்று ஒரு நீதிமன்றம் சொன்னது. ஆனால் அந்தக் கதையிலிருந்து 'எனக்கும் தாழ்வாகக் கட்ட அனுமதி கொடு' என்பதற்கு எப்படி வருகிறீர்கள்?

கேள்வி (கேட்டி): சைப்ரஸ்காரர் சொல்வது நியாயம்தான். பெரிய பில்டருக்கு ஒரு விதி, எங்களுக்கு ஒரு விதி.

பதில்: பில்டருக்குத் தாராளமாகக் கொடுத்தது தப்பு. அந்தத் தப்பை எல்லாருக்கும் பொதுவாக்கினால் என்ன ஆகும் தெரியுமா? ஒவ்வொரு விலக்கையும் ஊர் பதிவு செய்து ஃபீமாவுக்குச் சொல்ல வேண்டும். வாரி வழங்கினால் ஊரையே திட்டத்திலிருந்து நிறுத்தி வைப்பார்கள். அப்புறம் அந்த ஊரில் யாருக்கும் புது வெள்ளக் காப்பீடு கிடையாது. இத்தோடு இந்த வாதம் போதும், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கேள்வி (எடிசன், நியூஜெர்சி): விலக்கு வாங்கிவிட்டால் காப்பீடு எடுக்க வேண்டாம்தானே?

பதில்: வேண்டும். விலக்கு கட்டட விதிக்குத்தான், வீட்டுக் கடன் தந்த வங்கி கேட்கும் காப்பீட்டுக்கு அல்ல. தாழ்வாகக் கட்டினால் 100 டாலர் காப்பீட்டுக்கு 25 டாலர் வரைகூட பிரீமியம் ஏறலாம் என்று ஊர் உங்களுக்குக் கையெழுத்திட்ட கடிதம் தர வேண்டும். 2021 அக்டோபரில் கணக்கிடும் முறை மாறிவிட்டது, ஆனாலும் முதல் தளத்தின் உயரம் இன்றும் கணக்கில் உண்டு. கடிதத்தைத் தொலைக்காதீர்கள். விற்கும்போது வாங்குபவர் கையில் கொடுங்கள்.

கேள்வி (மிசூரி சிட்டி): செலவு அதிகம் என்று காட்டினால்...

பதில்: பியர்லேண்ட் பதில்.

கேள்வி (ஃப்ரிஸ்கோ): செலவு மட்டும் இல்லை சார், வாஸ்துப்படி வாசல் தாழ்வாக...

பதில்: பியர்லேண்ட் பதில். வாஸ்து நிபுணர் நான் இல்லை.

கேள்வி (வேளச்சேரி): இங்கே ஏரிக்கரையில் மனை...

பதில்: சென்னை விதிகள் என் வேலை இல்லை. சிஎம்டிஏவில் கேளுங்கள்.

கேள்வி (கேட்டி, வேறொருவர்): வரைபடத்தில் என் மனை வெள்ளப்பகுதி. ஆனால் நேரில் மேடு.

பதில்: அப்பாடா, நல்ல கேள்வி. விலக்கே வேண்டாமாக இருக்கலாம். சர்வேயரை வைத்து எலிவேஷன் சர்ட்டிஃபிகேட் (தரை, தளங்களின் உயரத்தைக் காட்டும் சான்றிதழ்) எடுங்கள். வீட்டைத் தொடும் இயற்கையான தரையில் ஆகத் தாழ்ந்த இடம்கூட வெள்ள மட்டத்தில் அல்லது அதற்கு மேல் இருந்தால், வரைபடத் திருத்தத்துக்கு ஃபீமாவுக்கே விண்ணப்பிக்கலாம், கட்டணம் கிடையாது. மண் கொட்டி உயர்த்திய மேடு என்றால் வேறு விண்ணப்பம், அதற்குக் கட்டணம் உண்டு. திருத்தம் கிடைத்தாலும் காப்பீட்டை விடாதீர்கள். தண்ணீர் வரைபடம் பார்த்து வருவதில்லை.

கேள்வி (பெயர் வேண்டாம்): தூக்கிக் கட்டிய வீட்டின் கீழே காரேஜை ரூமாக மாற்றிவிட்டேன். இப்போது விலக்கு கேட்கலாமா?

பதில்: கேட்கலாம், கிடைக்காது. உங்களுக்கு நீங்களே வரவழைத்துக்கொண்ட கஷ்டம் அது. கீழே அடைத்த இடத்தில் வண்டி நிறுத்தலாம், சாமான் வைக்கலாம், மாடிப்படி வைக்கலாம். அவ்வளவுதான். படுக்கையை மேலே ஏற்றிவிட்டு, சுவரில் மூடிய வெள்ளத் துளைகளை (வெள்ளநீர் உள்ளே வந்து வெளியேறுவதற்கானவை) முதலில் திறந்து விடுங்கள்: ஒரு சதுர அடிப் பரப்புக்கு ஒரு சதுர அங்குலம், குறைந்தது இரண்டு, தரையிலிருந்து ஓர் அடிக்குள்.