இருபது புள்ளி எங்கிருந்து வந்தது?

கேள்வி: காவேரிப்பட்டணத்தில் பிளஸ் 1 படிக்கிறேன். கார்பன் டை ஆக்சைடுக்கு லூயிஸ் அமைப்பு (வெளிக்கூட்டு எலக்ட்ரான்களைப் புள்ளியாகவும், பிணைப்பைக் கோடாகவும் காட்டும் படம்) வரைந்து அனுப்பியிருக்கிறேன். எல்லா அணுவுக்கும் எட்டு எலக்ட்ரான் வருகிறது. ஆனாலும் தவறு என்று மதிப்பெண் போடவில்லை. எங்கே பிழை?

பதில்: தம்பி, உன் படத்தில் நடுவில் கார்பன், இரு பக்கமும் ஒற்றைக் கோட்டில் ஆக்சிஜன். எட்டு எட்டாகத்தான் நிரப்பியிருக்கிறாய். இப்போது எண்ணிப் பார். ஒரு புள்ளி ஒரு எலக்ட்ரான், ஒரு கோடு இரண்டு எலக்ட்ரான். கோடுகள் இரண்டுக்கு 4, ஆக்சிஜன்கள் மேல் 12, கார்பன் மேல் 4. மொத்தம் 20. நம் கையில் இருப்பது எவ்வளவு? கார்பனின் வெளிக்கூட்டில் 4, ஆக்சிஜன் ஒவ்வொன்றிலும் 6. ஆக 16தான். மிச்சம் 4 புள்ளி அந்த மூலக்கூறில் இல்லவே இல்லை. எட்டை நிரப்பும் அவசரத்தில் நீயாகச் சேர்த்தது.

அதனால் பென்சில் எடுக்கும் முன்பே மொத்தத்தைக் கூட்டித் தாளின் ஓரத்தில் எழுதி வை. அதற்கு மேல் ஒரு புள்ளிகூட வைக்காதே. வேதியியலாளர் லூயிஸ் 1916-ல் இந்த முறையைச் சொன்னதிலிருந்து இன்றுவரை மாணவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இதுதான் என்று நினைக்கிறேன்.

அப்புறம் மைய அணு. ஹைட்ரஜன் ஒரு பிணைப்புக்கு மேல் தாங்காது, அது நடுவில் வராது. மற்றவற்றில் பெரும்பாலும் எலக்ட்ரான் கவர்தன்மை (பிணைப்பு எலக்ட்ரானைத் தன் பக்கம் இழுக்கும் திறன்) குறைந்ததே நடுவில். ஒற்றைக் கோடு போடு, கோட்டுக்கு 2 கழி, மீதியை முதலில் ஓரத்து அணுக்களுக்குக் கொடு. உன் கணக்கில் 16-ல் 4 போக 12. ஆக்சிஜன்களோடு அது தீர்ந்தது. கார்பனிடம் 4தான் இருக்கிறது. புதுப் புள்ளி வைக்கக் கூடாது. ஒவ்வொரு ஆக்சிஜனிலிருந்தும் ஒரு தனித்த ஜோடியை (பிணைப்பில் சேராத இரண்டு புள்ளிகளை) நடுவே நகர்த்து. இரண்டு இரட்டைப் பிணைப்பு வரும், மொத்தம் 16 அப்படியே இருக்கும்.

எத்தனை பிணைப்பு வரும் என்று சரிபார்க்க ஒரு வழி உண்டு. அதற்கு உங்கள் ஊர் மாங்காய் மண்டியையே எடுத்துக்கொள்வோம். காய் பழுக்கும்போது தானே வெளிவிடும் வாயு எத்திலீன்: இரண்டு கார்பன், நான்கு ஹைட்ரஜன். தடை செய்யப்பட்ட கார்பைடு கல்லில் ஈரம் பட்டால் வருவது அசிட்டிலீன்: இரண்டு கார்பன், இரண்டு ஹைட்ரஜன். ஹைட்ரஜனுக்கு 2, மற்றதற்கு 8 என்று தேவையைக் கூட்டு, கையிருப்பைக் கழி, வருவதை இரண்டால் வகு. எத்திலீனுக்குத் தேவை 24, கையிருப்பு 12. மீதி 12, எனவே 6 பிணைப்பு. நான்கு ஹைட்ரஜனுக்குப் போனால் கார்பன்களுக்கு இடையே இரண்டு. அசிட்டிலீனுக்கு 20-ல் 10 போக 10, எனவே 5 பிணைப்பு. ஹைட்ரஜனுக்கு இரண்டு போக, நடுவில் முப்பிணைப்பு!

கார்பன் டை ஆக்சைடுக்கும் போட்டுப் பார்: 24-ல் 16 போக 8, நான்கு பிணைப்பு. ஆனால் போரான் ட்ரைஃபுளூரைடு, சல்ஃபர் ஹெக்சாஃபுளூரைடு போல எட்டுக்குக் கட்டுப்படாதவற்றுக்கு இந்தக் குறுக்குவழி உதவாது.

அயனி, அதாவது மின்சுமை உள்ள துகள் என்றால் அந்தச் சுமையையும் கணக்கில் எடு: நேர்மின்சுமைக்குக் கழி, எதிர்மின்சுமைக்குக் கூட்டு. அம்மோனியத்துக்கு 9-ல் ஒன்று கழித்து 8. கார்பனேட்டுக்கு 22-உடன் இரண்டு கூட்டி 24. வரைந்து முடித்ததும் சதுர அடைப்புக்குறி போட்டு, மின்சுமையை மேலே வலப்பக்கம் எழுது. அதை விட்டாலும் மதிப்பெண் போகும்.