அப்பப்பா வரைந்த சிலுவைப்பாதை ஓவியங்களை மக்கள் பார்வைக்கு வைப்பது எப்படி?

கொட்டாஞ்சேனை வீட்டில் இருக்கும் அப்பப்பாவின், இயேசுவின் பாடுகளைக் காட்டும் 14 எண்ணெய் ஓவியங்களையும் ஒரு மரச் சுரூபத்தையும் ஆலயத்துக்குக் கொடுப்பதா, அரும்பொருளகத்துக்கா என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில், யாரும் அவற்றை ஈரத்துணியாலோ தேங்காயெண்ணெயாலோ துடைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பக்தி மிகுதியில் பாழான படங்கள் ஏராளம்.

கொழும்பில் பெரிய எதிரி காற்றின் ஈரம். கான்வாஸின் பின்பக்கம் பூஞ்சணம் படர அதுவே போதும். மழைச்சாரல் அடிக்கும் வெளிச்சுவரில் மாட்டாதீர்கள். சட்டகத்தின் பின்மூலைகளில் தக்கைத் துண்டுகள் ஒட்டினால் காற்றோடும். பகலில் ஏசி போட்டு இரவில் அணைப்பது ஏசியே இல்லாததைவிடக் கேடு: ஈரம் ஏறி இறங்கும்போது துணி தளர்ந்து இறுகி, வர்ணம் வெடித்து உதிரும். வெளிச்சம் 200 லக்ஸுக்குள் (லக்ஸ் என்பது ஒளியளவு அலகு) இருக்கட்டும். மெழுகுவர்த்திப் புகை எட்டக்கூடாது. சுரூபத்தின் அடியில் மாவு போன்ற மரத்தூள் புதிதாகக் கொட்டினால் உள்ளே வண்டு உயிரோடிருக்கிறது. அதை மற்றவற்றிலிருந்து பிரித்து, கலைப்பொருள் பாதுகாப்பு நிபுணரிடம் காட்டுங்கள்.

என் தெரிவு ஆலயம்தான். தவக்காலத்தில் மக்கள் நின்று செபிக்கத்தானே சிலுவைப்பாதை வரைகிறார்கள்! ஆனால் வாய்ப்பேச்சாகக் கொடுத்துவிடாதீர்கள். பங்குத்தந்தையர் மாறிக்கொண்டே இருப்பார்கள். நன்கொடையா இரவலா, பழுதுபார்ப்பது யார் என்பதை எழுத்தில் வையுங்கள். இலங்கைச் சட்டப்படி, ஓவியர் இறந்த பின்னும் 70 ஆண்டுகளுக்குப் பதிப்புரிமை உண்டு. வாழ்த்து அட்டையில் அச்சிட அனுமதிப்பது யார் என்பதையும் அதிலேயே சேருங்கள். ஒப்படைக்குமுன் ஒவ்வொன்றின் முன்புறம், பின்புறம், கையொப்பம் மூன்றையும் படமெடுத்து வையுங்கள்.