பேத்திக்கு ‘நியேவெஸ்’ என்று பெயர் வைக்கலாமா?

கேள்வி: என் தம்பி ஸ்பெயினில் வேலை பார்க்கிறான். அவன் மனைவி லா பால்மா என்ற தீவைச் சேர்ந்தவள். இரண்டு மாதத்தில் அவர்களுக்குப் பெண் குழந்தை பிறக்கப்போகிறது. தம்பி மனைவி தன் பாட்டியின் பெயரை வைக்க ஆசைப்படுகிறாள். ஆங்கில எழுத்தில் என், ஐ, இ, வி, இ, எஸ். “நீவ்ஸா? மூக்கடைச்ச மாதிரி அது என்ன பேரு?” என்கிறார் அம்மா. இணையத்தில் தேடினால் ‘பனி என்று பொருள், அரிய பெயர்’ என்பதோடு நின்றுவிடுகிறது. உண்மையில் என்ன பொருள்? பழங்காலப் பெயர் என்று அங்கே பிள்ளைகள் கேலி செய்வார்களா? தமிழில் எப்படி எழுதுவது? கூடவே ஒரு தமிழ்ப் பெயரும் சேர்க்க முடியுமா?
– ஒரு வாசகி, தூத்துக்குடி

பதில்: அம்மாவிடம் முதலில் இதைச் சொல்லிவிடுங்கள்: பேத்திக்கு வைக்கப்போவது உங்கள் ஊர்ப் பனிமய மாதாவின் பெயர். மூக்கடைப்பு அத்தோடு சரியாகிவிடும்.

ஸ்பானிஷில் ‘நியேவே’ என்றால் வானத்திலிருந்து விழும் வெண்பனி. லத்தீனில் பனிக்கு இருந்த சொல்லின் வழிவந்தது. இத்தாலியிலும் போர்த்துகீசிலும் அதுவே ‘நெவே’. ‘நியேவெஸ்’ என்பது அதன் பன்மை. ஒரு குழந்தைக்கு எதற்குப் பன்மையில் பெயர் என்று கேட்டால்தான் விஷயம் பிடிபடும். இது தனிப் பெயரே அல்ல, நீளமான ஒரு பெயரின் வால். முழுப் பெயர் ‘மரியா தெ லாஸ் நியேவெஸ்’, அதாவது பனிகளின் மரியா. மரியா போய் வால் மட்டும் நின்றுவிட்டது. இணையப் பட்டியல்கள் ‘பனி போல் வெண்மையானவள்’ என்று அழகாக எழுதிவைப்பதை நம்பாதீர்கள். அந்தப் பாட்டிக்குப் பெயர் வைத்தவர்கள் பனியைப் பார்த்து வைக்கவில்லை, மாதாவை நினைத்து வைத்தார்கள்.

இது நமக்குப் புதிதும் இல்லை. தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்களில் ஆரோக்கியமேரி, சகாயமேரி, வியாகுலமேரி, அமலோற்பவமேரி என்று எத்தனை பேர்! வீட்டில் கூப்பிடும்போது மேரி போய் ஆரோக்கியம், சகாயம் என்று ஆகிவிடும். ஸ்பானிஷ்காரர்கள் செய்ததும் அதேதான். வியாகுலம் அங்கே தொலோரெஸ். ஆரோக்கியம் அங்கே சலூத். சகாயம் சொக்கோர்ரோ, செபமாலை ரொசாரியோ. இவற்றில் ரொசாரியோ, சொக்கோர்ரோ இரண்டும் அந்த மொழி இலக்கணப்படி ஆண்பால் சொற்கள். தூண் என்று பொருள்படும் பிலார் என்பதும் அப்படித்தான். ஆனாலும் பெண்களுக்கே வைக்கிறார்கள். முன்னால் ஒரு மரியா மறைந்திருக்கிறாள் என்று எல்லோருக்கும் தெரியும்.

சரி, மாதாவுக்கும் பனிக்கும் என்ன சம்பந்தம்? கதை ரோமில் தொடங்குகிறது. 4-ஆம் நூற்றாண்டில், போப் லிபேரியுஸ் காலத்தில், பிள்ளையில்லாத ஒரு பணக்காரத் தம்பதி தங்கள் சொத்தை என்ன செய்வது என்று மாதாவிடம் வேண்டினார்களாம். கனவில் விடை வந்தது. மறுநாள் காலை, ஆகஸ்ட் 5, நடுக்கோடையில், எஸ்குவிலின் குன்றின்மேல் பனி கொட்டிக் கிடந்தது. அந்த இடத்தில் கோயில் எழுந்தது. அதுதான் புனித மேரி மேஜர் பேராலயம். 2025-இல் போப் பிரான்சிஸை அடக்கம் செய்த இடம் என்றால் டிவியில் பார்த்த நினைவு வரும். வரலாற்றுக் கணக்கு வேறு. இப்போது நிற்கும் ஆலயம் 5-ஆம் நூற்றாண்டில் மூன்றாம் சிக்ஸ்துஸ் காலத்தது. பனிக் கதை எழுத்தில் வருவதோ அதற்குப் பல நூற்றாண்டுகள் கழித்து. அதனால் என்ன, இன்றும் ஒவ்வோர் ஆகஸ்ட் 5 அன்றும் அந்தக் கூரையிலிருந்து வெள்ளை இதழ்களைத் தூவுகிறார்கள். தலையில், தோளில், பெஞ்சுகளில் எல்லாம் பூப்பனி.

ஆகஸ்ட் 5. நீங்கள் எந்த மதமானாலும், தூத்துக்குடியில் இருந்துகொண்டு அந்தத் தேதி தெரியாமல் இருக்க முடியாது. ஜூலை 26-இல் கொடியேறி, பதினொரு நாள் ஊரே கூடி முடிகிற பெருவிழா அதே மாதாவுக்குத்தான். உங்கள் ஊருக்கு அவரைக் கொண்டுவந்தது போர்த்துகீசு வழி. லா பால்மா அடங்கிய கானரித் தீவுகளுக்குப் போனது ஸ்பானிஷ் வழி. தம்பி மனைவியின் லா பால்மா தீவுக்குப் பாதுகாவலியே இந்த நியேவெஸ் மாதாதான். 1676-இல் அங்கே மழை பொய்த்தபோது, மலையடிவாரக் கோயிலில் இருந்த சுரூபத்தை ஊருக்குள் இறக்கிவந்து வேண்டினார்கள். இனி ஐந்தாண்டுக்கு ஒருமுறை இப்படி இறக்க வேண்டும் என்று ஆயர் ஏற்பாடு செய்ய, 1680-இல் அந்த வழக்கம் தொடங்கியது. இன்றும் தொடர்கிறது, ‘பஹாதா’, அதாவது இறக்கம், என்றே அதற்குப் பெயர். எனக்கு இதில் பிடித்தது ஒன்று உண்டு. ஒரு ஊரில் வெள்ளையாகக் குவிந்து கிடப்பது உப்பு. மற்றதில் கண்ணுக்கெட்டிய தூரம் வாழைத்தோட்டம், பனி விழுவதென்றால் மாரிக்காலத்தில் 2,400 மீட்டர் உயரத்து மலையுச்சியில் மட்டும். இரண்டு ஊரும் பனித்தாயைத் தேடிப் பிடித்துக்கொண்டன.

பெயரைத் தமிழில் மொழிபெயர்க்கலாமா என்று அடுத்து யாராவது கேட்பார்கள், அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். ‘பனி’ என்று மட்டும் மாற்றாதீர்கள். நமக்குப் புல்நுனியில் நிற்பதும் பனி, மார்கழிக் காலையில் மூடிக்கிடப்பதும் பனி, இமயமலையில் விழுவதும் பனி. ஸ்பானிஷில் புல்நுனிப் பனிக்குத் தனிச்சொல் இருக்கிறது: ரொசீயோ. அதுவும் பெண் பெயர், அதுவும் மாதா பெயர்! தெற்கு ஸ்பெயினில் வேல்வா மாவட்டத்தில் ரொசீயோ மாதாவுக்குப் பெரிய யாத்திரையே நடக்கிறது. ஆக, வெறும் பனி என்றால் அது நியேவெஸா, ரொசீயோவா என்று தெரியாது. பனிமயம் என்றால் குழப்பமில்லை. நம் முன்னோர் யோசித்துத்தான் அந்தச் சொல்லைப் பிடித்திருக்கிறார்கள்.

இப்போது அரிதா என்ற கேள்வி. அரிதுதான், ஆனால் பாதி உண்மை. 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பிறந்த ஸ்பானிஷ் பெண்களிடையே இது சாதாரணப் பெயர். இன்று பிறக்கும் குழந்தைகளுக்கு லூசியா, சோஃபியா, மார்த்தினா என்று ‘ஆ’வில் முடிவதாகத் தேடுகிறார்கள். நியேவெஸ் பாட்டிகளின் பெயராகிவிட்டது. துல்லியமாகப் பார்க்க வேண்டுமானால் ஸ்பெயின் தேசியப் புள்ளியியல் நிறுவனத்தின் தளத்தில் பெயரைத் தட்டினால் போதும். எத்தனை பேர், சராசரி வயது என்ன, எந்த மாகாணத்தில் அதிகம் என்று இலவசமாகக் காட்டும். ஒன்றை மட்டும் கவனியுங்கள். ‘நியேவெஸ்’, ‘மரியா நியேவெஸ்’, ‘மரியா தெ லாஸ் நியேவெஸ்’ எல்லாம் அங்கே தனித்தனிக் கணக்கு. ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு அரிது என்று எழுதிவிடுகிறார்கள். அமெரிக்கப் பட்டியல்களைப் பார்த்தால் இன்னும் குழப்பம். லத்தீன் அமெரிக்காவில், குறிப்பாக புவேர்த்தோ ரிக்கோவில், நியேவெஸ் ஒரு குடும்பப் பெயரும்கூட.

இதில் இன்னொரு சங்கதி உண்டு. ஸ்பெயினின் சர்வாதிகாரி பிராங்கோ ஆட்சியில் பாஸ்க், கத்தலான் மொழிப் பெயர்களைப் பதிவு செய்ய விடவில்லை. வீட்டில் கத்தலானில் நெவுஸ் என்றோ பாஸ்க்கில் எதுர்னே என்றோ கூப்பிட்ட பெண்களைப் பதிவேட்டில் நியேவெஸ் என்று எழுதவேண்டியதாயிற்று. 1977-இல் சட்டம் மாறியபின் அந்தப் பெயர்கள் வெளியே வந்தன. எட்டாயிரம் மீட்டரைத் தாண்டும் 14 சிகரங்களையும் 2010-இல் ஏறி முடித்த எதுர்னே பாசாபான் பெயருக்கும் பனி என்றுதான் பொருள். மலையேறிக்கு இதைவிடப் பொருத்தமாக யார் பெயர் வைப்பது! ஸ்பானிஷ் வடிவத்திலேயே பிரபலமானவர் வேண்டுமென்றால், 1974-இல் பிறந்த மாடல் நியேவெஸ் ஆல்வரெஸ் இருக்கிறார். ஸ்பெயினில் யாருக்கும் தெரியும்.

கேலியைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். ஏழு குள்ளர்கள் கதையில் வரும் ராஜகுமாரிக்கு ஸ்பானிஷில் ‘பிளாங்காநியேவெஸ்’ என்று பெயர், வெண்பனி. பள்ளியில் ஒரு வருஷம் அதைச் சொல்லிக் கூப்பிடுவார்கள், அவ்வளவுதான். மெக்ஸிகோ பக்கம் போனால் ‘நியேவே’ என்றால் ஐஸ்கிரீம் போன்ற குளிர்ப்பண்டம், அங்கே கொஞ்சம் சிரிப்பார்கள். லா பால்மாவிலோ அது ஊர்த் தாயின் பெயர். கேலி செய்பவனுக்கு அவன் பாட்டியிடமே அடி விழும்.

தமிழில் ‘நியேவெஸ்’ என்று எழுதுங்கள். இரண்டே அசை: நியே–வெஸ், அழுத்தம் முதலில். ‘நீவ்ஸ்’ ஆங்கிலக்காரன் வாசிப்பது. ஸ்பானிஷில் வி என்ற எழுத்துக்கு பி ஒலிதான் என்று படித்துவிட்டுச் சிலர் ‘நியேபெஸ்’ என்று எழுதுவார்கள். வேண்டாம். இரண்டு உயிருக்கு நடுவே வரும்போது அவர்கள் உதடு நெருங்கும், ஒட்டாது. நம் ‘வ’ அதற்கு மிகவும் பக்கம். ‘ப’ என்று எழுதினால் அம்மா உதட்டை ஒட்டிவிடுவார். கானரித் தீவில் கடைசி ஸ் மூச்சாகக் கரைந்து ‘நியேவெஹ்’ என்று காதில் விழும். அதைக் கேட்டு எழுத்தை மாற்ற வேண்டாம்.

கடைசியாக, பதிவு. தாய் ஸ்பானிஷ் குடிமகள் என்பதால் குழந்தையும் ஸ்பானிஷ் குடிமகள், அங்குள்ள பதிவுச் சட்டமே பொருந்தும். அதன்படி இரண்டு தனிப் பெயர்கள் வைக்கலாம், அல்லது ஒரு கூட்டுப் பெயர். ஆகவே நியேவெஸ் என்று ஒன்று, பக்கத்தில் கயல் போலச் சின்னதாக ஒரு தமிழ்ப் பெயர், தாராளமாகச் செய்யலாம். ஆனால் பாட்டி மேல் உள்ள பாசத்தில் ‘மரியா தெ லாஸ் நியேவெஸ்’ என்று முழுசாக வைத்தால் அதுவே கூட்டுப் பெயர், தமிழ்ப் பெயருக்கு இடமிருக்காது. சுருக்கமே நல்லது என்பது என் கட்சி.

அப்புறம், அங்கே இனிஷியல் கிடையாது. குழந்தைக்கு இரண்டு குடும்பப் பெயர்: தந்தையுடையது ஒன்று, தாயுடையது ஒன்று, எது முதலில் என்பதைப் பெற்றோரே பேசி முடிவு செய்யலாம். தம்பியின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டத்தில் என்ன இருக்கிறது என்று இன்றைக்கே பார்க்கச் சொல்லுங்கள். நம்மில் பலரைப் போல அங்கே உங்கள் அப்பா பெயர் இருந்தால், குழந்தையின் குடும்பப் பெயராகப் போவது தாத்தா பெயர், தம்பி பெயர் எங்கும் வராது. கட்டம் காலியாக இருந்தால் இன்னும் சிக்கல். பிறந்தபின் பதிவாளர் முன்னால் நின்று விளக்குவதைவிட, இந்த இரண்டு மாதத்தில் இந்தியத் தூதரகத்தில் கேட்டுச் சரிசெய்துகொள்வது எளிது.