நடுகல்லும் துவாப் பாட்டும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

சொந்த ஊர் பாலக்கோடு. ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. அறைக்கு வந்தால் தூக்கம் வரும்வரை செல்போன்தான். வித்தியாசமான ஓவியங்கள், ஐஸ்லாந்துப் புகைப்படங்கள், ஒரே தொண்டையில் இரண்டு சுரம் எழுப்பும் துவா நாட்டுப் பாடகர்கள் என்று தேடித்தேடிப் பார்க்கிறேன். பிடித்ததையெல்லாம் சேமித்தும் வைக்கிறேன். ஆனால் மறுநாள் யோசித்தால் ஒன்றும் நினைவில் நிற்பதில்லை. சென்னையிலும் பெங்களூரிலும் இருப்பவர்களுக்குக் கண்காட்சி, கச்சேரி என்று ஏதாவது கிடைக்கிறது. நம் பக்கத்தில் அப்படி எதுவும் இல்லை. அபூர்வமான கலையை எப்படித் தேடிக் கண்டுபிடிப்பது? படம் எடுக்கவும் ஆசை. என்ன கேமரா வாங்கலாம்?

ம.

அன்புள்ள ம.,

துவாப் பாட்டிலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் காது அதில் நின்றிருக்கிறது என்றால் அது நல்ல காது. ரஷ்யாவின் தெற்கில், மங்கோலியாவை ஒட்டியிருக்கும் நிலம் துவா. ஆடு, மாடு, குதிரை மேய்ப்பவர்களின் பாட்டு அது. பாடகர் அடித்தொண்டையில் ஒரு சுரத்தை விடாமல் பிடித்திருப்பார். எந்தக் குரலிலும் அடிச்சுரத்தோடு பல மேற்சுரங்கள் கலந்தே இருக்கின்றன. நம் காதுக்கு அவை தனியாகக் கேட்பதில்லை. நாக்கையும் உதட்டையும் நுணுக்கமாக மாற்றி அவற்றில் ஒன்றை மட்டும் அவர் உரக்க எழ வைக்கிறார். அதுதான் மேலே சீழ்க்கை போலக் கேட்கிறது. ஓடை நீரின், காற்றின் ஒலியைக் குரலில் கொண்டுவர முயன்றவர்கள் அவர்கள்.

இதைத் தெரிந்துகொண்டு அதே பாட்டை இன்னொரு முறை கேளுங்கள். முதலில் கீழ்ச்சுரத்தை மட்டும், பிறகு மேற்சுரத்தை மட்டும். அந்தப் பாட்டு உங்களை விட்டுப் போகாது. உங்களுக்கு நினைவாற்றல் குறைவு என்று நான் நினைக்கவில்லை. ஒன்றைப் பார்த்து முடிப்பதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது, அவ்வளவுதான். பந்தியில் உட்கார்ந்தவனுக்கு ஒரு கவளம் வாயில் வைப்பதற்குள் இலையை மாற்றிக்கொண்டே இருந்தால் அவன் எதன் ருசியைச் சொல்வான்? அபூர்வமானதைத் தேடுவது இன்று சுலபம். ஒன்றின் முன் நிற்பதுதான் கடினம். நின்ற பிறகுதான் அது அபூர்வம் என்பதே தெரிகிறது.

நம் பக்கத்தில் எதுவும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. விடுமுறையில் ஊருக்கு வரும்போது தருமபுரி அகழ்வைப்பகத்துக்குப் போங்கள். அங்கே நடுகற்கள் இருக்கின்றன. எல்லாவற்றையும் பார்க்க வேண்டாம். ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதன் முன் அரைமணி நேரம் நில்லுங்கள்.

முதல் ஐந்து நிமிடத்தில் ஒரு பலகைக்கல், அதில் ஒரு ஆள், அவ்வளவுதான் தெரியும். பிறகு ஒவ்வொன்றாக வரும். ஒரு கையில் வில், மறு கையில் குறுவாள். உடம்பில் தைத்த அம்புகள். இடுப்புத் துணி பின்னால் பறப்பதைப் பார்த்தால் ஆள் ஓடிக்கொண்டிருக்கிறான் என்று புரியும். சில கற்களில் காலடியில் ஒரு கெண்டியும் சிமிழும் இருக்கும். சிலவற்றில் மூலையில் சின்னதாக மாடுகள். மேலே வட்டெழுத்தில் அரசனின் ஆட்சியாண்டு, செத்தவனின் பெயர், தொறு மீட்டுப் பட்டான் என்ற செய்தி. தொறு என்பது மாட்டு மந்தை. மந்தையை மீட்கப் போய்ச் செத்த ஒரு ஊர்க்காரனுக்கு ஊரார் எடுத்த கல் அது. காலத்தால் பிந்திய கற்களில் தேவமகளிர் வீரனை மேலுலகத்துக்குக் கூட்டிப் போகும் காட்சி தனி அடுக்காக மேலே வந்துவிடுகிறது. எனக்குப் பழைய கற்களே பிடிக்கும். அவற்றில் சொர்க்கம் இல்லை. சண்டையும் சாவும் மட்டும் இருக்கின்றன. செதுக்கியவனுக்குக் கல்லில் இடம் குறைவு. எதை விடுவது என்று அவன் முடிவு செய்திருக்கிறான் பாருங்கள், அதை ஒரு நல்ல புகைப்படக்காரரே அந்தக் கல்லின் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ளலாம்.

செங்கம் பக்கம் எடுத்தனூரில் ஒரு கல் உண்டு. மகேந்திரவர்மப் பல்லவன் காலம். வீரனோடு அவன் நாயையும் செதுக்கி, நாயின் பெயர் கோவிவன் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். கள்ளரைக் கடித்துக் காவல் நின்ற நாய். எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு மனம் நெகிழ்ந்துவிடும்.

தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சி இறந்தபோது ஔவையார் பாடிய பாட்டு புறநானூற்றில் 232ஆவது. மலையோடு சேர்த்து நாட்டையே கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளாதவன், நடுகல்லுக்கு மயிற்பீலி சூட்டிச் சின்னக் கலத்தில் ஊற்றும் கள்ளை வாங்கிக்கொள்வானா என்று கேட்கிறார். அந்தத் தகடூர்தான் உங்கள் தருமபுரி. நம் கிராமங்களில் வேடியப்பன் என்று கும்பிடும் கற்களில் பல இப்படிப்பட்ட நடுகற்களே. மஞ்சள் குங்குமம் வைத்துப் பொங்கலிட்டு இன்றும் வணங்குகிறார்கள். உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே ஒன்று இருக்கக்கூடும். பெரியவர்களைக் கேளுங்கள்.

இன்னும் பின்னால் போக வேண்டுமென்றால் கிருஷ்ணகிரி மாவட்டம் இருக்கிறது. மல்லசந்திரத்தில் இறந்தவர்களுக்காகப் பலகைக்கற்களால் எழுப்பிய பெருங்கற்காலக் கல்திட்டைகள், அவற்றுக்குள்ளே வெள்ளை நிறத்தில் வரைந்த உருவங்கள். மயிலாடும்பாறையிலும் பாறை ஓவியங்கள் உண்டு. அங்கே நடந்த அகழாய்வில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022இல் அறிவித்தார்கள். செய்தியில் எல்லோரும் இரும்பைப் பற்றியே பேசினார்கள். ஓவியங்களைப் பற்றிப் பேச ஆள் குறைவு. அதியமான்கோட்டை சென்றாயப்பெருமாள் கோயில் மண்டபத்தின் விதானத்தைப் பாருங்கள். இராமாயணமும் பாரதமும் வண்ணத்தில் ஓடுகின்றன. தருமபுரிக் கோட்டைக் கோயிலுக்கு அதோடு சேர்த்துப் போய்விட வேண்டாம். அது தனி நாளுக்கு உரியது.

இசைக்கு வருகிறேன். கோடையில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும். பகலில் பிரசங்கம், இரவில் கூத்து. கதை ஆரம்பித்த பிறகு போகாதீர்கள். களரி கட்டும்போதே போய் வாத்தியக்காரர்களுக்குப் பக்கத்தில் உட்காருங்கள். மிருதங்கமும் தாளமும் முகவீணையும் ஆர்மோனியமும் சேர்ந்து வெற்றுத் தரையை ஆடுகளமாக்கும் நேரம் அது. முகவீணை ஒரு முழத்துக்கும் குறைவான குழல், ஆனால் அதன் குரல் ஊர்க்கோடி வரை போகும். வேடம் திரைக்குப் பின்னால் நின்று பாடும்போது முகம் தெரியாது, குரல் மட்டும் வரும். அந்த உச்சக்குரல் மைக் இல்லாத காலத்துக்குப் பழகியது. துவா மேய்ப்பன் காற்றுக்கு ஏற்பக் குரலை அமைத்தான், நம் கூத்துக்காரர் திறந்தவெளிக் கூட்டத்துக்கு ஏற்ப அமைத்தார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். நீங்கள் தேடும் வித்தியாசம் அங்கே இருக்கிறது. துரியோதனன் போரில் விழும் படுகளத்தன்று மண்ணால் செய்து கிடத்தியிருக்கும் துரியோதனனைப் பார்த்தால், அந்த அளவில் ஒரு சிற்பத்தைச் செய்துவிட்டு மழையில் கரைய விடும் மனத்தை நினைத்து வியப்பீர்கள்.

ஊரைத் தெரிந்தால் போதும், உலகம் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. உலகத்தில் நான் நேசிப்பவர்களும் தங்கள் காலடியைப் பார்த்தவர்கள்தான். விவியன் மையர் அமெரிக்காவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தார். கழுத்தில் கேமராவோடு தெருவில் நடந்து ஒரு லட்சத்துக்கும் மேல் படம் எடுத்து, யாரிடமும் பெரிதாகக் காட்டாமல் வைத்திருந்தார். வாடகை கட்டாத சேமிப்பறையிலிருந்த அவர் பெட்டிகள் 2007இல் சிகாகோவில் ஏலத்துக்கு வந்தன. 2009இல் அவர் இறந்த பிறகுதான் உலகம் அவரை அறிந்தது. சண்டிகரில் நேக் சந்த் சாலை ஆய்வாளர். நகரம் கட்ட இடித்த கிராமங்களின் உடைசல்கள், உடைந்த வளையல்கள், பீங்கான் துண்டுகளை எடுத்துப்போய்ப் பல ஆண்டுகள் காட்டுக்குள் யாருக்கும் தெரியாமல் ஒரு சிற்ப உலகத்தையே எழுப்பினார். 1976இல் அது பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. இருவரையும் தேடிப் பாருங்கள். ஒருவருக்கு ஒரு வாரம் கொடுங்கள், அந்த வாரம் வேறு யாரையும் பார்க்காதீர்கள்.

கேமரா இப்போது வேண்டாம். கையிலிருக்கும் செல்போன் போதும். நடுகல்லை உச்சிவெயிலில் எடுத்தால் தட்டையாக விழும். காலையிலோ மாலையிலோ வெயில் பக்கவாட்டில் சாய்ந்து விழும்போது எடுங்கள், ஒவ்வொரு செதுக்கலுக்கும் நிழல் கிடைக்கும். வெளிச்சம் இல்லாத இடத்தில் ஒரு நண்பரைப் பக்கத்தில் நிற்க வைத்து டார்ச்சைக் கல்லை உரசினாற்போலப் பிடிக்கச் சொல்லுங்கள், மறைந்துபோன எழுத்தும் தெரியவரும். எழுத்து தெரிய வேண்டுமென்று சாக்பீஸோ மாவோ எண்ணெயோ தேய்க்காதீர்கள். பாறை ஓவியத்தில் தண்ணீர் தெளிக்காதீர்கள், கையும் வைக்காதீர்கள். வேடியப்பன் கோயில் என்றால் பூசாரியிடமும், கூத்து என்றால் வாத்தியாரிடமும் கேட்டுவிட்டு எடுங்கள். கூத்து நடக்கும்போது ஃப்ளாஷ் அடிக்க வேண்டாம்.

ஒரே கல்லை வெவ்வேறு பொழுதுகளில் எடுத்த படங்களை எனக்கு அனுப்புங்கள். அவற்றைப் பார்த்த பிறகு கேமராவைப் பற்றிப் பேசுவோம்.