சதுரங்கத்தின் ஃப்ரைடு லிவர் அட்டாக்கில் கருப்பு எங்கே தவறுகிறது?
‘எஃப்7-ல் குதிரையைப் பலி கொடுத்தே நண்பன் என்னைத் தோற்கடிக்கிறான், எப்படித் தடுப்பது?’ என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தப் பலித் தாக்குதல்தான் ஃப்ரைடு லிவர் அட்டாக் (எஃப்7 போன்றவை பலகைக் கட்டங்களின் பெயர்கள்). பாளையங்கோட்டையில் எதிர்வீட்டுத் திண்ணையில் அண்ணாச்சியிடம் நானும் இதே அடி வாங்கியவன்தான்.

அவர் வெள்ளை, நான் கருப்பு. சிப்பாய்கள் இ4, இ5, குதிரைகள் எஃப்3, சி6, அவர் பிஷப் சி4, என் இன்னொரு குதிரை எஃப்6. அவர் குதிரை ஜி5-க்குத் தாவியது. டி5-க்குச் சிப்பாயைத் தள்ளினேன். சிப்பாயால் வெட்டினார், நான் குதிரையால் திருப்பி வெட்டினேன். தப்பு அங்கேதான். சட்டென்று எஃப்7-ல் குதிரை!

“அண்ணாச்சி, குதிரைய சும்மா தாரீயளா?”

“எடுல, பொறவு பாப்போம்.”

ராஜாவால் எடுத்தேன். ராணி எஃப்3-ல் செக். டி5 குதிரையைக் காக்க ராஜாவே இ6-க்கு, நடுத்தெருவுக்கு, வரவேண்டியதாயிற்று. அடுத்து சி3-ல் இன்னொரு குதிரை. மூன்று காய்கள் டி5-ஐக் குறிவைத்தன. கம்ப்யூட்டர் தாக்குப்பிடிக்கலாம், நம்மால் ஆகாது. என் கையிலிருந்த வடை ஆறிப்போனது.

டி5-ல் திருப்பி வெட்டாமல், சி6 குதிரையை ஏ5-க்கு நகர்த்தி பிஷப்பை மிரட்டுங்கள். ஒரு சிப்பாய் போகும். பதிலுக்குக் காய்கள் வேகமாக வெளியே வரும். அதுவும் வேண்டாமென்றால் மூன்றாவது நகர்த்தலிலேயே உங்கள் பிஷப்பை சி5-ல் வையுங்கள். அப்போது குதிரை ஜி5-க்கு வந்தால் ராணியாலேயே எடுத்துவிடலாம்.