அம்மாவோடு எட்டயபுரம்: பஸ்ஸிலா, ரயிலிலா?

வணக்கம். எழுபது வயது அம்மா, கையில் கார் இல்லை, நெல்லையிலிருந்து எட்டயபுரம் போய்விட்டு இரவு ரயிலுக்குத் திரும்பணும் என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக முடியும்.

கோவில்பட்டி வரை ரயிலில் போங்கள். மூட்டுவலிக்காரர்களுக்கு பஸ்ஸைவிட அதுதான் சுகம். அங்கிருந்து பஸ்ஸில் பதினைந்து கிலோமீட்டர் போல, இருபுறமும் கரிசல்காடு. பஸ்ஸிலேயே கிளம்புவதானால், பைபாஸில் இறக்கிவிடாமல் கோவில்பட்டி ஊருக்குள் போகுமா என்று கண்டக்டரிடம் கேட்டுவிட்டு ஏறுங்கள்.

எட்டயபுரத்தில் இறங்கியதும் ஆட்டோ பேசிக்கொள்ளுங்கள், அம்மாவை நடக்கவிட வேண்டாம். பாரதி 1882ல் பிறந்த வீடு, கல்கியின் முயற்சியில் எழுந்து 1947ல் திறந்த மணிமண்டபம் இரண்டையும் வெயில் ஏறுமுன் பார்த்துவிடலாம்.

அம்மா பாட்டு டீச்சர் என்றீர்களே, அப்படியானால் கர்நாடக இசை மேதை முத்துசுவாமி தீட்சிதர் சமாதியை விட்டுவிடாதீர்கள். 1835 தீபாவளியன்று இந்த ஊரில்தான் அவர் மறைந்தார். பலர் பாரதி வீட்டோடு திரும்பிவிடுகிறார்கள், எனக்கு அது மனசுக்குக் கஷ்டமாக இருக்கும். அங்கே அம்மாவை அவசரப்படுத்தாதீர்கள். ஒரு கீர்த்தனை பாடத் தோன்றினால் பாடட்டும்.

மதியச் சாப்பாட்டைக் கோவில்பட்டிக்கு வந்து வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், கடலை மிட்டாய் வாங்க மறக்காதீர்கள். மாலை ஐந்துக்குள் நெல்லை வந்துவிட்டால் பதற்றமில்லாமல் ரயில் ஏறலாம்.